மராகேஷ் சந்தையில் கூப்பிட்டவருக்கெல்லாம் நிற்காதே, தங்கச்சி!

மொராக்கோவுக்கு, அதுவும் மராகேஷுக்கு, தனியாகப் போகிறேன் என்று நீ சொன்னதுமே வீட்டில் ஆளாளுக்குப் பயமுறுத்தியிருப்பார்கள். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள். பெண்கள் தனியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி வருகிற ஊர்தான் அது. ஆனால் ஆளைக் களைக்க வைத்துவிடும். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தை மதீனா என்பார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊர். மனிதரும் கழுதையும் போகிற அளவுக்கு விட்ட சந்துகள். இன்று அதே சந்துக்குள் மோட்டார் பைக்கும் பாய்ந்து வருகிறது, கைவண்டியும் வருகிறது, நடுவில் நீயும் நடக்க வேண்டும். அதோடு காலையிலிருந்து இரவு வரை யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நம் வீட்டில் எப்படி வளர்த்தார்கள்? யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கணும், பெரியவர் கேட்டால் பதில் சொல்லணும், கொடுத்ததை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே உன் நேரத்தையும் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். ஆகவே யாருக்குப் பதில் சொல்வது, யாரைக் கடந்து போவது என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு பண்ணிக்கொள். மற்ற எதையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

1. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா வழியாக காசாபிளாங்கா போய், அங்கிருந்து ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் மராகேஷ். நள்ளிரவில் இறங்குகிற மாதிரி மலிவு டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் முழிக்காதே.

நீ தங்கப்போகும் ரியாத், அதாவது நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு, அநேகமாக ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கும். கார் உள்ளே வராது. நகர வாசலிலோ அருகில் உள்ள சாலையிலோ இறக்கிவிட்டுப் போய்விடும். பெட்டியோடு நீ முழிப்பதைப் பார்த்ததும் நாலு பையன்கள் ஓடி வருவார்கள். அதனால் முன்பதிவு செய்யும்போதே "வாசலுக்கு ஆள் அனுப்புங்கள்" என்று எழுதிக் கேள். பெரும்பாலான வீடுகளில் அனுப்புவார்கள். கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடு. முதல் நாள் அது தண்டச் செலவே இல்லை. பெட்டி கனமாக இருந்தால் கரோசா என்கிற தள்ளுவண்டிக்காரர் எடுத்து வருவார். வண்டியில் பெட்டி ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசி முடி.

2. ஃபோன் வரைபடத்தை முழுசாக நம்பாதே

கூரை போட்ட கடைத்தெருக்களிலும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் அந்த நீலப் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவளை வழி தெரியாதவள் என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று அடையாளத்தை மனதில் வை, போதும். முதலாவது, ஜெமா எல்-ஃப்னா என்ற பெரிய சதுக்கம். இரண்டாவது, குதுபிய்யா பள்ளிவாசல் கோபுரம். 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 77 மீட்டர் உயரம், திறந்த வெளிக்கு வந்துவிட்டால் பல இடங்களிலிருந்தும் தெரியும். மூன்றாவது, சதுக்கத்தின் வடக்கில் தொடங்கும் சூக் ஸெம்மாரின் என்ற முக்கியக் கடைத்தெரு. வழி தப்பினால் கூட்டம் அதிகமாகப் போகும் பக்கம் நட. ஸெம்மாரினிலோ சதுக்கத்திலோ கொண்டுபோய் விடும்.

தங்கும் சந்தின் வாயிலைப் பகலில் ஒரு படம் எடுத்து வை. இரவில் கடைக் கதவுகள் மூடியபின் அந்த இடம் வேறு ஊர் மாதிரி தெரியும்.

நடக்கும்போது வலப்பக்கச் சுவரை ஒட்டியே நட. கைப்பை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். பின்னால் "பாலாக்!" என்று சத்தம் கேட்டால் யார், என்ன என்று திரும்பிப் பார்க்காதே. ஒதுங்கு. கழுதை வண்டி உனக்காக நிற்காது.

3. எல்லோருக்கும் பதில் சொல்லாதே

உனக்கு நேரமே இல்லையென்றால் இந்த ஒன்றை மட்டுமாவது படி.

சந்தைக்குள் கால் வைத்ததுமே "இந்தியா! ஷாருக் கான்!" என்று குரல் வரும். அங்கே இந்திப் படத்துக்கு உண்மையான ரசிகர்கள் இருக்கிறார்கள். மராகேஷ் திரைப்பட விழாவிலேயே ஷாருக் கானை அழைத்துக் கௌரவித்திருக்கிறார்கள். அதனால் அந்தக் குரலில் பாசமும் இருக்கும், வியாபாரமும் இருக்கும். நீ நின்று சிரித்தால் அடுத்த கேள்வி, முதல் தடவையா வந்திருக்கிறாய்? அதற்கு அடுத்தது, எங்கே தங்கியிருக்கிறாய்? இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் யாருக்கும் சொல்லாதே.

சொல்ல வேண்டியது "லா, ஷுக்ரான்", அதாவது வேண்டாம், நன்றி. ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில், நடையை நிறுத்தாமல். காரணம் சொல்லாதே; நீ சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் பதில் உண்டு. "அப்புறம் வருகிறேன்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. திரும்பி வரும்போது முகத்தை அடையாளம் கண்டு, "வாக்குக் கொடுத்தாயே" என்று நிற்பார்கள். நீ நெளிவாய்.

அடிக்கடி வரும் பொய்களை இப்போதே தெரிந்துகொள்:

• "அந்த வழி மூடியிருக்கிறது." அநேகமாக மூடியிருக்காது. போய்ப் பார்.

• "நான் உங்கள் ரியாதில் வேலை பார்க்கிறேன், காலையில் பார்த்தோமே, ஞாபகம் இல்லையா?" ஞாபகம் இல்லையே என்று உனக்குக் கூச்சம் வரும். அந்தக் கூச்சத்துக்காகத்தான் அப்படிக் கேட்கிறார். எந்த ரியாத் என்று திருப்பிக் கேள், ஆள் நகர்ந்துவிடுவார்.

• "மலையிலிருந்து பெர்பர் மக்கள் வந்திருக்கிறார்கள், தோல் பதனிடும் இடத்தில் இன்றைக்கு மட்டும் சந்தை." தோல் பதனிடும் வேலை பாப் தெபாக் வாசல் பக்கம் வழக்கமாக நடப்பதுதான், இன்றைக்கென்று ஒன்றுமில்லை. சுண்ணாம்பும் புறா எச்சமும் போட்டுத் தோலை ஊற வைப்பதால் நாற்றம் குடலைப் பிடுங்கும். மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா கையில் கொடுத்துச் சுற்றிக்காட்டுவார்கள். முடிந்ததும் ஒரு தோல் கடை, அதற்கப்புறம் பணம் கேட்டு வாக்குவாதம். பார்க்க ஆசை என்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போ.

வழிகாட்டி என்றதும் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். முதல் நாள் அரை நாளுக்கு ஒரு வழிகாட்டியை ரியாத் மூலமாக ஏற்பாடு பண்ணிக்கொள். அரசு கொடுத்த அடையாள அட்டை அவரிடம் இருக்கும், காட்டச் சொல். "கடைக்குக் கூட்டிப் போக வேண்டாம், வழி மட்டும் பழக்கிவிடுங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. அரை நாளில் ஊரின் போக்கு பிடிபட்டுவிடும். மீதி நாட்கள் உன்னுடையவை.

4. வழி கேட்க வேண்டுமா? கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேள்

கடையை விட்டுவிட்டு அவரால் உன் பின்னால் வர முடியாது. கையை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். இல்லாவிட்டால் பையும் குழந்தையுமாக வரும் பெண்ணைக் கேள். தானாக வந்து "வழி தெரியுமா?" என்பவரோடு போகாதே, அது பத்து வயசுப் பையனாக இருந்தாலும் சரி. பாவமாக இருக்கும், தெரியும். ஆனால் சந்தின் முடிவில் அவன் அண்ணன்மார்கள் நிற்பார்கள்.

5. உடையும் தொந்தரவும்

நம் சல்வார், குர்த்தி, துப்பட்டாவை அப்படியே எடுத்துப் போ. தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். தலையை மூடச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அடி தட்டையான, விரல் மூடிய செருப்புப் போடு. சந்தையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருப்பார்கள், கழுதைச் சாணமும் கிடக்கும்.

உடை சரியாக இருந்தாலும் சிலர் பின்னால் வருவார்கள், கிசுகிசுப்பார்கள். அது உன் தப்பில்லை. "நாமதான் ஏதோ பண்ணிட்டோம்" என்று ரியாத் அறையில் உட்கார்ந்து அழாதே. தெருவில் பெண்களைத் தொந்தரவு செய்வது 2018 முதல் மொராக்கோவில் சட்டப்படிக் குற்றம். ஒருவன் விடாமல் வந்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து நில். அங்கேயும் வந்தால் "ஹ்ஷூமா!" என்று உரக்கச் சொல், வெட்கமாயில்லையா என்று அந்த ஊர் அம்மாக்களே அதட்டும் சொல். சுற்றியிருக்கும் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவனுக்கு அதற்கு மேல் நிற்கக் கால் வராது. யாராவது கையை வைத்தால் தயங்காதே. போலீஸ் எண் 19. பெரிய சதுக்கத்தில் சுற்றுலாப் போலீஸ் இருக்கிறார்கள்.

இரவில் ஆள் நடமாட்டம் இருக்கும் தெருவரை பயமில்லை. சதுக்கத்தில் குடும்பம் குடும்பமாக நள்ளிரவுவரை இருப்பார்கள். உன் சந்துக்குள் திரும்பும் அந்தக் கடைசி நூறு அடிதான் யோசிக்க வேண்டிய இடம். ரியாதுக்கு ஃபோன் போடு, ஆள் வந்து கூட்டிப் போவார்.

6. சதுக்கத்தில் கையைக் கட்டிக்கொள்

நிஜமாகத்தான் சொல்கிறேன். ஜெமா எல்-ஃப்னாவில் மருதாணிப் பெண்கள் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நீ பார்த்தாலே போதும், கையைப் பிடித்து ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். "சும்மாதான், பரிசு" என்பார்கள். முடிந்ததும் பெரிய தொகை கேட்பார்கள். மருதாணி நமக்குப் புதுசா? ஆசையாக இருந்தால் ரியாதில் சொல்லி நல்ல இடத்தில் போட்டுக்கொள். உடனே கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கும். தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும்.

பாம்பாட்டியையும் குரங்குக்காரரையும் தூரத்திலிருந்து படம் எடுத்தாலும் காசு கேட்டு வருவார்கள். பாம்பைத் தூக்கிக் கழுத்தில் போடுவார்கள், குரங்கைத் தோளில் விடுவார்கள். அந்தக் குரங்கு பார்பரி மக்காக் இனம், அழியும் ஆபத்தில் இருப்பது. சங்கிலி போட்டு இழுத்து வருவதற்கு நாம் காசு கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் சொல்கிறேன் என்று சதுக்கத்துக்கே போகாமல் இருந்துவிடாதே. மாலை வெயில் இறங்கும்போது போ. சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும், புகை எழும்பும், க்னாவா இசைக்காரர்கள் இரும்புத் தாளத்தைத் தட்ட ஆரம்பிப்பார்கள். கதை சொல்கிறவரைச் சுற்றி ஜனங்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்துக்கு ஹல்கா என்று பெயர். அங்கேயே வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்த்திசோலோ இந்தச் சதுக்கத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார். 2001-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் வாய்மொழிக் கலைச் செல்வமாக அறிவித்தது. மொழி புரியாவிட்டாலும் வட்டத்தில் கொஞ்ச நேரம் நில், தொப்பி சுற்றி வரும்போது காசு போடு. கலைக்குக் கொடுக்கிற காசு அது, கொடுக்கத்தான் வேண்டும். கூட்டம் தாங்கவில்லையென்றால் சதுக்கத்தைச் சுற்றியுள்ள மாடிக் காபிக் கடையில் ஏறி ஒரு புதினாத் தேநீரோடு உட்கார். அதுவும் ஒரு வழி.

7. சைவமா? வாயைத் திறந்து கேட்டுச் சாப்பிடு

காய்கறி தாஜின் (மண்சட்டிக் குழம்பு) என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். "ப்லா லஹம்", இறைச்சி இல்லாமல் என்று சொல்லு. சாறும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லு. பயமில்லாமல் சாப்பிட பிஸாரா இருக்கிறது; காய்ந்த மொச்சை மாதிரியான பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவித் தருவார்கள். கத்தரிக்காயும் தக்காளியும் வதக்கிய ஸாலூக், மடித்துச் சுட்ட ம்ஸெமென் ரொட்டி, ஆலிவ், பேரீச்சை, ஆரஞ்சு, இதை வைத்தே வாரம் ஓட்டிவிடலாம்.

சதுக்கத்துக் கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் சாலடும் வரும். அதுவும் பில்லில் வரும். வேண்டாமென்றால் உடனே தள்ளி வை. விலை எழுதாத கடையில் உட்காராதே. ஆரஞ்சு ஜூஸ் கண் முன்னால் பிழிந்தால் குடி, ஐஸும் தண்ணீரும் சேர்க்கச் சொல்லாதே.

ஒரு நாள் மதியம் புது நகரமான கெலீஸ் பக்கம் போ. வசதியில்லாத பெண்களுக்குச் சமையல் பழக்கி வேலைக்கு அனுப்பும் அமால் என்ற அமைப்பு நடத்தும் உணவகம் அங்கே இருக்கிறது. பெண்களே நடத்தும் அல் ஃபாஸியாவும் அங்கேதான். தனியாக உட்கார்ந்து சாப்பிட யாரும் வெறித்துப் பார்க்காத இடங்கள்.

8. பேரம்

முதலில் ஐந்தாம் முகமது அவென்யூவில் உள்ள ஆன்ஸாம்ப்ள் அர்ட்டிஸனால் போய்விடு. அரசு நடத்தும் கைவினை வளாகம், விலை எழுதி ஒட்டியிருக்கும். செருப்பு, விளக்கு, தோல் பை எல்லாவற்றின் விலையையும் குறித்துக்கொள். அதற்கப்புறம் சந்தைக்குப் போனால் உன்னை யாரும் ஏமாற்ற முடியாது. நேரமில்லை என்றால் அங்கேயே வாங்கிவிடு, கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சந்தையில் வாங்குவதானால், உனக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு விலை கேள். சிரித்த முகமாகப் பேசு. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பித்தாலும் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் நீ சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டபின் வாங்காமல் போவதுதான் அங்கே பெரிய மரியாதைக் குறைவு. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலையே சொல்லாதே.

கம்பளக் கடையில் தேநீர் கொடுப்பார்கள். குடித்ததற்காக வாங்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கப்போவதில்லை என்றால், இருபது கம்பளத்தை விரிக்க விட்டு உட்கார்ந்திருக்காதே. அந்தப் பையன்களுக்கும் முதுகு இருக்கிறது.

எதை எப்படிப் பார்ப்பது என்று சுருக்கமாக:

• கற்றாழைப் பட்டு என்று விற்பதில் பெரும்பாலானது ரேயான். பிடித்திருந்தால் ரேயான் விலைக்கு வாங்கு.

• குங்குமப்பூவைத் தண்ணீரில் போட்டுப் பார். உடனே சிவப்பைக் கக்கினால் சாயம். நல்லது மெதுவாக மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே இருக்கும்.

• அர்கான் எண்ணெய் இரண்டு வகை. வறுத்த பருப்பில் எடுத்தது சமையலுக்கு, வறுக்காதது தோலுக்கும் தலைக்கும். தெருவில் லேபிள் இல்லாத பாட்டிலில் விற்பதைத் தொடாதே. பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் சீல் வைத்த பாட்டிலாகப் பார்த்து வாங்கு.

• மசாலாவைக் குவித்துக் கோபுரமாக வைத்திருப்பது படம் எடுக்கத்தான் அழகு. வீட்டுக்கு வேண்டுமென்றால் ராஸ் எல் ஹனூத் என்ற மசாலாக் கலவையைக் கொஞ்சமாக, உன் கண் முன்னால் அரைத்து வாங்கு.

9. ஹம்மாமுக்குப் போகாமல் வராதே

இதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். தெருவெல்லாம் ஆண்களின் குரலாக இருக்கிறதே, இந்த ஊர்ப் பெண்கள் எங்கே என்று உனக்குத் தோன்றும். அவர்களில் பாதிப் பேர் ஹம்மாமில் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வாசனை மெழுகுவர்த்தி ஹம்மாமைச் சொல்லவில்லை. அந்தந்தத் தெருவின் பொது நீராவிக் குளியல் அறையைச் சொல்கிறேன். பெண்களுக்குத் தனி நேரம் அல்லது தனி வாசல் இருக்கும், ரியாதில் வேலை பார்க்கும் அக்காவிடம் கேள். அவரையே கூட்டிப் போகச் சொன்னால் இன்னும் நல்லது.

சந்தையிலேயே ஒரு கரகரப்பான கெஸ்ஸா கையுறை, ஆலிவில் செய்த கறுப்புச் சோப்பு, கஸூல் என்ற களிமண், மூன்றையும் வாங்கிக்கொள். துண்டு, மாற்றுத் துணி, உட்கார ஒரு பிளாஸ்டிக் பாய், வாளி, செருப்பு வேண்டும். உள்ளாடையின் கீழ்ப்பகுதி மட்டும் போட்டுக்கொண்டுதான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கூச்சப்படாதே, உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள். பாட்டி, பேத்தி, கைக்குழந்தை என்று எல்லோரும் இருப்பார்கள். தேய்த்துவிடும் பெண்ணுக்குத் தய்யாபா என்று பெயர். தீபாவளிக் காலையில் அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாளே, அதே உரிமையோடு கையைத் தூக்கு, திரும்பிப் படு என்று புரட்டிப் புரட்டித் தேய்ப்பாள். அழுக்கு உருண்டு வரும். வலித்தால் "ஷ்வியா", மெதுவாக என்று சொல்லு. கூலிக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடு. நாள் முழுக்க அந்த வெக்கையில் குனிந்து நிற்கிறாள்.

பக்கத்துப் பெண் உன் முதுகைத் தேய்த்துவிட வந்தால் சரி என்று சொல்லு. நீயும் அவளுக்குத் தேய்த்துவிடு. இங்கே பதில் சொல்லலாம், சிரிக்கலாம், பெயர் சொல்லலாம். வெளியே மிச்சம் பிடித்த பொறுமையெல்லாம் இதற்காகத்தான்.

வெளியே வரும்போது ஹம்மாமுக்குத் தீ போடும் அறையை எட்டிப் பார். அந்தத் தீயின் சாம்பலில் மண் ஜாடியைப் புதைத்து தங்கியா என்ற இறைச்சிக் குழம்பை மணிக்கணக்காக வேக வைப்பார்கள், மராகேஷின் தனிச் சமையல். பக்கத்திலேயே பொது ரொட்டி அடுப்பும் இருக்கும். வீட்டில் பிசைந்த மாவைத் தட்டில் வைத்துத் துணி மூடிக் குழந்தைகள் எடுத்து வருவார்கள்.

10. மறந்துபோகும் சின்ன விஷயங்கள்

• உள்ளூர் டாக்ஸி காவி நிறம், மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். "கொம்ப்தேர்" என்று சொல்லி மீட்டர் போடச் சொல். மாட்டேன் என்றால் அடுத்த வண்டி. சுற்றுலா இடத்து வாசலில் நிற்கும் வண்டியை விட, கொஞ்சம் நடந்துபோய் ஓடுகிற வண்டியை நிறுத்து.

• சில்லறை சேர்த்து வை. கழிப்பறைக்கும் டீக்கும் பெரிய நோட்டு நீட்டினால் மீதி வராது. டிஷ்யூவும் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டிலும் கைப்பையில் இருக்கட்டும். நாப்கின் கெலீஸ் சூப்பர் மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும், மதீனாவுக்குள் தேடி அலையாதே.

• வெள்ளிக்கிழமை மதியம் பல கடைகள் மூடியிருக்கும். அன்றைக்கு கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

• பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை விடுவதில்லை. வாசலில் நின்று கெஞ்சாதே. பென் யூசுஃப் மதரஸாவும் பாஹியா அரண்மனையும் எல்லோருக்கும் திறந்திருக்கும். காலையில் திறந்ததுமே போ.

• மஜொரெல் தோட்டத்துக்கு நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடு. அங்கே போய் நின்றால் திரும்பித்தான் வர வேண்டும்.

• ரமலான் மாதத்தில் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். விமானம், ரயில் நேரத்தை இரண்டு தடவை பார். பகலில் தெருவில் நின்று சாப்பிடாதே.

• ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும். மார்ச் முதல் மே வரை போ, இல்லாவிட்டால் அக்டோபர், நவம்பரில் போ. ஜனவரியில் போனால் முற்றம் வைத்த அந்த அழகான வீடு இரவில் நடுங்க வைக்கும், கம்பளிக் காலுறை எடுத்துப் போ.

• மொராக்கோவின் திர்ஹம் நோட்டை நம் ஊரில் மாற்ற முடியாது. கிளம்பும் நாளன்று விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்குள் போவதற்கு முன்பே மாற்றிவிடு. பணம் மாற்றிய ரசீதுகளை முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட் உறையில் சேர்த்து வை, கேட்பார்கள்.